ஆல்பத்தில் இடம்பெறாத ஆஸ்திரேலிய சிங்கிள்களைத் தேடி வாங்குவது எப்படி?

1970களின் ஆஸ்திரேலிய ஜாஸ்-ராக் இசையைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள், அயர்ஸ் ராக் குழு 1974இல் வெளியிட்ட ‘பிக் ரெட் ராக்’ போன்ற ஆல்பங்கள் கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அன்றைய இசைத்தட்டு நிறுவனங்கள் சிங்கிளை (பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட ஏழு அங்குலத் தட்டை) வானொலிக்காகவும் ஆல்பத்தை வீட்டில் அமர்ந்து கேட்பவர்களுக்காகவும் தனித்தனியாகத் திட்டமிட்டு வெளியிட்டதால், ஏழு அங்குலத் தட்டோடு நின்றுவிட்ட நல்ல பாடல்கள் பல உண்டு.

இதற்குத் தெளிவான உதாரணம், அயர்ஸ் ராக்கின் டிரம்மர் மார்க் கென்னடி அதற்கு முன்பு வாசித்த மெல்பர்ன் குழுவான ஸ்பெக்ட்ரம். ஜாஸ்-ராக்கைவிட, நீண்ட, சிக்கலான பாடல்களைக் கொண்ட ப்ரோக்ரெசிவ் ராக்குக்கே நெருக்கமான இக்குழுவுக்காக மைக் ரட் எழுதிய ‘ஐல் பி கான்’ 1971இல் ஹார்வெஸ்ட் என்ற வணிகப் பெயரில் சிங்கிளாக வந்து பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அதே ஆண்டில் வெளியான ‘ஸ்பெக்ட்ரம் பார்ட் ஒன்’ ஆல்பத்தில் அப்பாடல் இல்லை. அந்தச் சிங்கிளின் மறுபக்கத்தில் உள்ள ‘லாஞ்சிங் பிளேஸ் பார்ட் டூ’ பாடலும் ஆல்பத்தில் சேர்க்கப்படவில்லை. முன்பக்கப் பாடல் பிற்காலத் தொகுப்புகளில் மீண்டும் மீண்டும் வந்துவிடும் என்பதால், உண்மையில் அரிதாவது பெரும்பாலும் மறுபக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதலில், நீங்கள் விரும்பும் குழுவின் சிங்கிள்களை இரு பக்கங்களோடும் எழுதி, ஆல்பங்களின் பாடல் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெயர் ஒத்திருப்பதை மட்டும் நம்பக்கூடாது. வானொலிக்காகச் சுருக்கப்பட்ட வடிவமாகவோ முற்றிலும் வேறான ஒலிப்பதிவாகவோ அது இருக்கக்கூடும் என்பதால், தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் அச்சிட்ட நிமிடக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வெளியான காலத்தைச் சரிபார்க்க, 1966 முதல் 1974 வரை வந்த ‘கோ-செட்’ இசை வார இதழின் விளம்பரங்களும் தரவரிசைப் பட்டியல்களும் மிகவும் பயன்படும்.

அடுத்தது தட்டை அடையாளம் காண்பது. அயர்ஸ் ராக் இடம்பெற்ற மஷ்ரூம் நிறுவனம் 1972இல் மெல்பர்னில் தொடங்கப்பட்டது. அதன் தட்டுகளைச் சிட்னியின் ஃபெஸ்டிவல் நிறுவனம் விநியோகித்தது. அதனால் அந்தச் சிங்கிள்களின் பட்டியல் எண் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும்; ‘எம்.எக்ஸ்.’ என்று தொடங்கும் இன்னோர் எண் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக இருக்கும். தட்டை மேசை விளக்கின் கீழ்ச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வழுவழுப்பான வளையத்தில் அந்த எண் மினுங்கும். அதற்கு முன்னும் பின்னும் எண் கொண்ட, தேதி தெரிந்த தட்டுகளோடு ஒப்பிட்டால், உங்கள் தட்டு ஏறத்தாழ எப்போது தயாரானது என்று கணிக்கலாம். லேபிளின் படத்தோடு இந்த வளையத்தின் படத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். இரண்டையும் அனுப்ப மறுப்பவரிடம் விலையுயர்ந்த தட்டை வாங்காமலிருப்பதே நல்லது.

உறையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அக்கால ஆஸ்திரேலிய சிங்கிள்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட சாதாரணக் காகித உறையிலேயே வந்தன. பட உறை இல்லாதது குறையன்று. ஆனால் தட்டின் நிலையைச் சொல்ல விற்பவர் இடும் தரக் குறியீட்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘குட்’ என்று குறிக்கப்பட்ட தட்டு நடைமுறையில் நன்றாகத் தேய்ந்து, பாடல் முழுவதும் இரைச்சலோடு ஒலிப்பதாகவே இருக்கும். கேட்பதற்காக வாங்குபவர் ‘வெரி குட் பிளஸ்’ஸுக்குக் கீழே இறங்காதிருப்பது உத்தமம். முன்பக்கம் வெற்றிப் பாடலாக இருந்தால் அது தேய்ந்தும் மறுபக்கம் ஏறக்குறைய புதிதாகவும் இருப்பதுண்டு என்பதால், இரு பக்கங்களின் நிலையையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

பாடல் மட்டும் போதுமென்றால், பழைய ஆல்பங்களின் சிடி மறுவெளியீடுகளில் கூடுதல் பாடல்களாகச் சேர்க்கப்பட்டவற்றை முதலில் பாருங்கள். மூல ஒலிநாடா கிடைக்காதபோது தட்டிலிருந்தே படியெடுப்பதும் உண்டு. அதை உள்ளிருக்கும் குறிப்பேட்டில் படித்து அறியலாம்.

தட்டு அஞ்சலில் வருவதாயின், அதைக் காகித உறையிலிருந்து வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் தனி உள்ளுறையில் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுமாறு விற்பவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அப்படிச் செய்தால், வழியில் தட்டின் விளிம்பு குத்தி உறையின் ஓரம் கிழியாது.