டர்போ புகைகிறதா? கழற்றும் முன் எண்ணெய் போகும் வழியைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் டீசல் பிக்கப்பில் நீலப் புகை கிளம்பினால் போதும், "டர்போ போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புது டர்போ மாட்டியும் புகை நிற்காத வண்டிகள் உண்டு. காரணம், கோளாறு டர்போவில் இல்லை.

டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சுழல் விசிறி. அதன் தண்டு நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் மேலே அழுத்தத்தோடு நுழைகிறது. கீழே இறங்குவதோ தன் எடையால் மட்டும். அந்த இறக்கம் தடைபட்டால் எண்ணெய் உள்ளே தேங்கி, தண்டைச் சுற்றியுள்ள சீலைத் தாண்டிக் கசிந்து எரியும்.

1. புகையின் நிறம் பாருங்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை. அது வேறு கதை.

2. எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலும் புகையும். அப்படியே ஏர் பில்டரையும் பாருங்கள். செம்மண் புழுதி அடைத்தால் டர்போ காற்றுக்குப் பதில் எண்ணெயை உறிஞ்சும்.

3. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறங்கள். லேசான ஆவி சகஜம். மூடியையே தள்ளும் அளவுக்குக் காற்று வந்தால், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த அழுத்தமும் டர்போ எண்ணெயைக் கீழே இறங்க விடாது.

4. இதுதான் முக்கியம். என்ஜின் நன்றாக ஆறியதும் டர்போவுக்குக் கீழே இறங்கும் ரிட்டன் பைப்பைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: கருகிய கரி, மடிந்த ரப்பர், கேஸ்கெட் ஓரத்தில் பிதுங்கிய சிலிக்கான் பசை. எண்ணெய் வரும் வழியில் சிலிக்கான் தடவவே கூடாது. துண்டு பிய்ந்து துவாரத்தை அடைத்துவிடும். கேஸ்கெட் மட்டும் போதும்.

5. டர்போவுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் சிறு அசைவு இருக்கும், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் ஆடினாலோ இறக்கை கூட்டில் உரசினாலோதான் டர்போ மாற்ற வேண்டும். இன்டேக் குழாயில் எண்ணெய் குட்டையாக நின்றால் வண்டியை ஓட்டவே வேண்டாம். டீசல் என்ஜின் அந்த எண்ணெயையே குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எகிறிவிடும்.

புது டர்போ மாட்டினால், மேலே எண்ணெய் நுழையும் துவாரத்தில் சுத்தமான எண்ணெய் ஊற்றித் தண்டைக் கையால் சுற்றுங்கள். சப்ளை பைப்பையும் புதிதாகப் போடுவது நல்லது. ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். சைலன்சரில் தேங்கிய பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை கொஞ்சம் புகை வரும். அதைப் பார்த்து மறுபடி ஸ்பேனரை எடுக்காதீர்கள்.