எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மானியம்: ஷோரூமுக்குப் போவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

"மானியம் எப்போது என் அக்கவுண்டில் ஏறும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஏறாது. ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் டீலர் பில்லிலேயே தொகையைக் கழித்துவிடுவார். கம்பெனி அதை அப்புறம் அரசிடம் வாங்கிக்கொள்ளும். இங்கே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டுக் கணக்கு.

படி 1: வண்டி மானியப் பட்டியலில் இருக்கிறதா?
ஆர்.டி.ஓ.வில் பதிவாகும் வண்டியாக இருக்க வேண்டும். பதிவே தேவைப்படாத மெதுவேக ஸ்கூட்டருக்கும் ஈய அமில பேட்டரி வண்டிக்கும் மானியம் இல்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கும் இல்லை.

படி 2: கணக்குப் போடுங்கள்
பேட்டரியின் கொள்ளளவை கிலோவாட் மணி (kWh) என்ற அலகில் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு அலகுக்கும் 2,500 ரூபாய் மானியம், உச்சவரம்பு 5,000. முந்தைய ஆண்டில் இது 5,000, 10,000 என்று இருந்தது, பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

1.8 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 4,500 ரூபாய். 3 என்றால் 7,500 வர வேண்டும், ஆனால் 5,000தான் கிடைக்கும். 4 என்றாலும் அதே 5,000. அதாவது இரண்டைத் தாண்டினால் மானியம் ஏறுவதே இல்லை. "பெரிய பேட்டரி எடுங்க சார், மானியம் ஜாஸ்தி" என்று யாராவது சொன்னால், இந்தப் பெருக்கலை அங்கேயே போட்டுக் காட்டுங்கள். எனக்கு இதைச் சொன்னவர் கால்குலேட்டரைப் பார்த்ததும் பேச்சை ஹெல்மெட்டுக்கு மாற்றிவிட்டார்.

இன்னொரு பழைய பல்லவி, வண்டிக்கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு. அந்த 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான்.

படி 3: இ-வவுச்சர்
ஆதார் அட்டையும் போனும் கையில் இருக்கட்டும். வண்டி யார் பெயரிலோ அவரே நேரில் வர வேண்டும், ஏனென்றால் முகத்தைப் படம் பிடித்து ஆதாரோடு ஒப்பிடுவார்கள். என் சித்திக்கு மூன்று தடவை தவறியது. மூக்குக்கண்ணாடியில் ட்யூப்லைட் பளபளத்ததுதான் காரணம். கண்ணாடியைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்ததும் சரியாகிவிட்டது.

பிறகு போனுக்கு ஒரு லிங்க் வரும். அதில் இருப்பதுதான் இ-வவுச்சர், அதாவது மானியத்துக்கான மின்னணுச் சீட்டு. அதைத் திறந்து, பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு டீலரிடம் கொடுங்கள். அவரும் கையெழுத்துப் போட்டு இணையத்தில் ஏற்றுவார். ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பில்லை வரிவரியாகப் படியுங்கள்
மானியம் தனியாகக் காட்டிக் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலை வரி விலக்கு உண்டு, ஆகவே அந்த இடத்தில் சுழியம் இருக்க வேண்டும். ஆனால் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு கட்டணம் நுழைந்திருக்கலாம். எங்கள் பில்லில் 2,800 ரூபாய்க்கு இருந்தது. எதற்கு என்று கேட்டோம், பதில் சொல்லாமல் அதை நீக்கிவிட்டுப் புது பில் கொடுத்தார்கள்.