ஒற்றைக் கிராம்பானோடு உச்சி தொட்டவனின் சூக்ஷ்பிட்ஸே வழிகாட்டி

ஜெர்மனியின் மிக உயரமான மலையான சூக்ஷ்பிட்ஸே (2,962 மீட்டர்) முழுக்கச் சுண்ணாம்புக்கல். 1820இல் நில அளவை அதிகாரி யோசஃப் நௌஸ் குழுவினர் ஏறிய ரைன்டால் பாதை நீளமானது, ஆனால் எளிது. யூபிலௌம்ஸ்கிராட் முகட்டுப் பாதையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான் சொல்லப்போவது ஹோலன்டால், அதாவது ‘நரகப் பள்ளத்தாக்கு’ வழி.

முதலில் கருவிகள். ஹெல்மெட், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), விழுந்தால் இழுப்பைத் தாங்கும் அதிர்வுதாங்கியோடு கூடிய இரட்டை காராபைனர் (பூட்டுக் கொக்கி) வார். கிராம்பான், அதாவது பனியில் வழுக்காமல் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம், பத்து முள்ளாவது உள்ளதாக இருக்கட்டும். காலணியில் ரப்பர் வளையமாக மாட்டும் சின்ன முள் சங்கிலி ஊர்ப் பனிக்கு மட்டுமே லாயக்கு. கையுறை உள்ளங்கை தோலாக இருந்தால் நல்லது. பிடித்து ஏறப் பாறையில் பொருத்தியிருக்கும் கம்பிவடத்தின் பிசிறு துணியைக் கிழித்துவிடும்.

மலையடிவார ஊரான ஹாமர்ஸ்பாக்கிலிருந்து விடியும் முன்பே கிளம்புங்கள். உச்சிவரை 2,200 மீட்டர் ஏற்றம். மலையிடுக்கில் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், மழைச்சட்டை வேண்டும். 1,387 மீட்டரில் உள்ள ஹோலன்டாலாங்கர் குடிலில் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் மழைநீரை விழுங்கிவிடுவதால் அதற்கு மேல் ஓடையை நம்ப முடியாது.

அடுத்து இரும்பு ஏணிப்படிகள். பிறகு ‘பலகை’ என்று அழைக்கப்படும் வழுவழுப்பான பாறைச்சுவர். கால் வைக்க இரும்பு முளைகள் மட்டும். கம்பிவடத்தில் மாட்டிய காராபைனர்களை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது.

என்னைச் சிக்கவைத்தது அதற்கு மேலே, கிராம்பான் மாட்டி நடக்கும் பனியாற்றில். பனியாறு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் ஒரு பிளவு இருக்கிறது. கோடை முற்ற முற்றப் பனி உருகி அது அகலமாகும். ஆகஸ்ட் கடைசியில் நான் போனபோது கம்பிவடத்தின் முனை தலைக்கு மேலே நின்றது. பாறையில் முள்ளோடு ஏறக்கூடாது என்று எண்ணி, விளிம்பிலேயே குனிந்து கிராம்பானைக் கழற்றினேன். வலது காலுடையது கையிலிருந்து நழுவி, இரண்டு முறை ‘டங்’ என்று மோதி, பிளவுக்குள் போய்விட்டது. எட்டிப் பார்த்தேன்; நீலமும் இருட்டும்தான் தெரிந்தன. நானும் அங்கே போயிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரியான வரிசை இது: முள்ளோடு பிளவைத் தாண்டுங்கள், கம்பிவடத்தில் காராபைனரை மாட்டுங்கள், நிற்க இடம் கிடைத்த பிறகு கழற்றுங்கள். பாறை கொஞ்சம் கீறும், பரவாயில்லை.

பிறகு உச்சிவரை கம்பிவடம்தான். இடி கேட்டால் அந்த இரும்பே எதிரி, மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பொன்னிறச் சிலுவை அருகில் போய் நிற்கும்போது, கேபிள் காரில் வந்தவர்கள் செருப்போடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எரிச்சல் வரும். இறங்குவதற்கு நாமும் அதே கேபிள் காரைத்தான் பிடிக்கப்போகிறோம். கடைசி வண்டியின் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: ஜூலைத் தொடக்கத்தில் போன வாசகர் ஒருவர் பிளவே இல்லை என்று எழுதினார். இருக்கிறது, பனி மூடியிருக்கிறது. ஏற்கெனவே மிதித்த தடத்தை விட்டு விலகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று இன்னொருவர் கேட்டார். அந்த அதிர்வுதாங்கி 40 முதல் 120 கிலோ எடைக்காகச் செய்யப்பட்டது. அதற்குக் குறைவானவர்களுக்குத் தனிக் கயிறும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

வாடகைக்கு எடுத்த கிராம்பானை ஒற்றையாகத் திருப்பிக் கொடுத்தால் ஜோடிக்கான முழு விலையையும் கேட்பார்கள். மிச்சமான இடதுகால் கிராம்பான் இன்னும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.