கடைக் கணக்கு போனிலும் கணினியிலும்: சிங்திங் அமைப்பது எப்படி

2021 பிப்ரவரியில் ரங்கூனில் இணையம் அறுந்து அறுந்து வந்தபோது, எங்கள் மளிகைக் கடையின் பற்று வரவு முழுவதும் இணையத்தில்தான் கிடந்தது. யார் எவ்வளவு பாக்கி என்பதை வாங்கியவர்களிடமே கேட்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் கணக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். கடையில் ஒரு போன், வீட்டில் ஒரு மடிக்கணினி, இரண்டிலும் அதே கோப்புகள். இதற்கு சிங்திங் என்ற இலவச மென்பொருள் போதும்.

முதலில் மடிக்கணினி. சிங்திங்கை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓடவிடுங்கள். அதன் பக்கம் பிரவுசரில் திறக்கும், திறக்காவிட்டால் 127.0.0.1:8384 என்று அடியுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு இருந்த பழைய அதிகாரபூர்வ செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. சிங்திங்-ஃபோர்க் என்பதைப் போடுங்கள். போட்ட கையோடு பேட்டரி சிக்கனத்திலிருந்து அதற்கு விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் போன் அதைத் தூங்க வைத்துவிடும்.

இனி அறிமுகம். கணினியில் 'ஆக்ஷன்ஸ்' மெனுவில் 'ஷோ ஐடி' அழுத்தினால் ஏழேழு எழுத்தாக எட்டுக் கூறுள்ள அடையாளமும் கியூஆர் கட்டமும் வரும். கையால் அடித்து மல்லுக்கட்ட வேண்டாம், போனைக் கொண்டு ஸ்கேன் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் 'இந்தப் போனைச் சேர்க்கலாமா' என்று கணினி கேட்கும். சரி கொடுங்கள்.

அடுத்து கணினியில் 'ஆட் ஃபோல்டர்' மூலம் கணக்குக் கோப்புறையைச் சேர்த்து, 'ஷேரிங்' பகுதியில் போனை டிக் செய்யுங்கள். போனில் வரும் கேள்விக்கு இடம் காட்டி ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது.

இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் இணையமே வேண்டாம். கரண்ட் போனாலும் ரவுட்டர் பேட்டரியில் ஓடினால் சரி. ஆனால் நடுவில் கணக்கை வாங்கி வைத்துக்கொள்ள சர்வர் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். எங்கள் கடைப் போன் இரவு வீட்டுக்கு வந்தால்தான் கணக்குகள் சந்திக்கும். அந்தக் காலத்தில் ரங்கூன் செட்டியார் கடைக் கணக்கு கப்பலேறி ஊருக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு பேரேடும் தனித்தனிதானே! எங்களுக்குக் கப்பல் தினமும் வருகிறது, அவ்வளவுதான்.

வம்பு வருவதும் இங்கேதான். ஒரு நாள் தம்பி கடையிலும் நான் வீட்டிலும் ஒரே எக்செல் கோப்பில் எழுதிவிட்டோம். இரவு பார்த்தால் இரண்டு கோப்புகள். சிங்திங் இரண்டையும் கலந்து ஒன்றாக்காது. முந்திச் சேமித்ததன் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லையும் தேதியையும் ஒட்டி ஓரமாக வைத்துவிடும். எதுவும் தொலையவில்லை, ஆனால் வரி வரியாக ஒப்பிட்டதில் தூக்கம் தொலைந்தது. இப்போது 'கடை', 'வீடு' என்று இரண்டு கோப்பு. அவன் கோப்பை நான் திறந்து பார்ப்பேன், எழுத மாட்டேன்.

இன்னொன்று. ஓரிடத்தில் அழித்தால் மற்றதிலும் அழியும். கணினியில் அந்தக் கோப்புறையின் 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதியில் 'ட்ராஷ் கேன்' தேர்ந்தெடுங்கள். தம்பி போனில் தவறுதலாக அழித்தது அங்கே பத்திரமாக இருக்கும். கணினியில் நீங்களே அழித்ததை அது பிடித்து வைக்காது. அதற்கு வாரம் ஒரு முறை பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.