கானலெட்டோ என்று முடிவுகட்டும் முன்

வெனிஸ் நகரக் கால்வாய், அதில் நாலைந்து கோண்டோலாக்கள், இரு பக்கமும் பழைய மாளிகைகள், மேலே வெளிறிய நீல வானம். இப்படி ஒரு பழைய எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்த்ததும் வாயில் வரும் பெயர் 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் கானலெட்டோ. ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 2025ல் லண்டன் ஏலத்தில் அவருடைய ஓர் ஓவியம் 3 கோடி பவுண்டைத் தாண்டி விலைபோனது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் ஊர்க்காட்சி வரைவது ஒரு பெரிய தொழில். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயச் சீமான்கள் திரும்பும்போது ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். கார்லெவாரிஸ், மரியெஸ்கி, பெல்லோட்டோ, குவார்தி என்று தேர்ந்த கைகளே பல இருந்தன. பெயர் தெரியாத கைகள் அதைவிட அதிகம்.

இதில் பலரும் சறுக்கும் இடம், படத்தில் தெரியும் ஊரின் வயதையே படத்தின் வயதாக எடுத்துக்கொள்வது. கட்டடங்களை வைத்துக் காலம் கணிப்பது நல்ல முறைதான், ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும். சான் ஜியார்ஜியோ மஜ்ஜோரே தேவாலயத்தின் மணிக்கோபுரம் 1774ல் இடிந்து விழுந்தது. 1791ல் புதிதாகக் கட்டி முடித்தார்கள். பழைய கோபுரத்தின் உச்சி வெங்காய வடிவம், இப்போது இருப்பது கூரான முடி. கானலெட்டோ 1768லேயே இறந்துவிட்டார். ஆக, படத்தில் கூர்முடி இருந்தால் அவரை விட்டுவிடலாம். அதேபோல, சான் சிமியோனே பிக்கோலோ தேவாலயத்தின் பெரிய குவிமாடம் 1738 வாக்கில்தான் முடிந்தது. அக்காடெமியா பாலம் 1854ல் வந்தது.

இந்தத் தேதிகள் எல்லாம் ‘இதற்கு முன் வரைந்திருக்க முடியாது’ என்று மட்டுமே சொல்லும். வெங்காய உச்சி தெரிகிறது, ஆகவே 1774க்கு முந்தைய படம் என்று துள்ளிக் குதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விசெந்தீனி என்பவர் கானலெட்டோ வரைந்த வெனிஸின் பெருங்கால்வாய்க் காட்சிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1735ல் 14 அச்சுப்படங்களாக வெளியிட்டார்; 1742 பதிப்பில் அவை 38 ஆயின. அந்தத் தாள்கள் ஐரோப்பாவெங்கும் பரவின. 1850ல் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்து ஒருவர் வரைந்தாலும் கோபுரத்துக்கு வெங்காய உச்சிதான் இருக்கும். அவர் வெனிஸில் கால் வைத்திருக்கவே வேண்டாம். அச்சில் நிறம் கிடையாதே, அதனால் இப்படிப்பட்ட நகல்களில் சுவரும் கூரையும் மனம்போன நிறத்தில் இருப்பதுண்டு. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, நேர் எதிரான தவறும் உண்டு. ஊரில் இல்லாதது படத்தில் இருக்கிறது, அப்படியானால் போலி என்பது. வெனிஸில் வாழ்ந்த ஆங்கிலேய வணிகர் ஜோசப் ஸ்மித்துக்காக 1740களில் கானலெட்டோ வரைந்த ஒரு தொகுதியில், ரியால்டோ பாலம் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் திட்டப்படி நிற்கிறது. அந்தத் திட்டப்படி பாலம் கட்டப்படவே இல்லை. இன்னொன்றில், சான் மார்க்கோ ஆலயத்தின் முகப்பு மேல் இருக்க வேண்டிய வெண்கலக் குதிரைகள் கீழே இறங்கிப் பீடங்களில் நிற்கின்றன. 1762ல் ஸ்மித்தின் சேகரிப்பை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கியதால் இவை பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன. அசல் என்பதில் சந்தேகமில்லை. நிஜமான இடத்தை வரையும்போதும் அவர் இரண்டு மூன்று இடங்களிலிருந்து பார்த்ததை ஒட்டவைப்பார், கால்வாயை அகலமாக்குவார். இருட்டறைக் கருவி (எதிரில் இருக்கும் காட்சியை வில்லை வழியாகத் தாளில் விழவைக்கும் பெட்டி) வைத்து ஊரை அச்சாக நகலெடுத்தவர் என்ற பேச்சை நம்பி அளவுகோலோடு போனால் ஏமாற்றம்தான்.

பெயரை நம்புவது அடுத்த வம்பு. படத்தின் மரச்சட்டத்தில் அறைந்திருக்கும் பித்தளைத் தகடு ஏதோ ஒரு பழைய உரிமையாளரின் நம்பிக்கை, அவ்வளவுதான். சட்டமே மாறியிருக்கலாம். கையெழுத்தும் அப்படியே, கானலெட்டோ தன் பெரும்பாலான படங்களில் கையெழுத்திட்டதே இல்லை. பெரிதாக, தெளிவாக அவர் பெயர் எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடாது, குறையும். எழுத்தின் மை வார்னிஷுக்கு மேல் கிடக்கிறதா, பழைய விரிசலுக்குள் வழிந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். போதாக்குறைக்கு, அவர் அக்கா தங்கை வழி மருமகன் பெல்லோட்டோவும் டிரெஸ்டனிலும் வார்சாவிலும் மாமன் பெயரையே சேர்த்துப் போட்டுக்கொண்டார். மாமன் 1746ல் லண்டன் போன பிறகு, ‘இவர் உண்மையான கானலெட்டோவே அல்ல’ என்று அங்கே வதந்தி கிளம்பியது. ஆள் உயிரோடு எதிரில் நிற்கும்போதே அந்தக் கதி!

பாணியை வைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் காட்டுவார்கள்: சின்னச் சின்ன வெள்ளை வளைவுகளாக அலை, கானலெட்டோவேதான் என்று. பின்பற்றியவர்கள் முதலில் கற்றுக்கொண்டதே அந்த வளைவைத்தான். அதைவிட, காரை உதிர்ந்த சுவர், மனிதர்கள் மேல் விழும் வெயில், ஈர வண்ணத்தில் அளவுகோல் வைத்துக் கீறிய கோடுகள் ஆகியவை அதிகம் பேசும்.

அறிவியல் சோதனை வந்தால் வாதம் முடிந்தது என்று நினைப்பதும் சரியல்ல. வண்ணப் பொருட்களில் கோபால்ட் நீலம் 1802க்குப் பிந்தையது, டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனால் அந்த வெள்ளை எங்கே இருந்தது? பின்னாளில் பழுதுபார்த்தவர் பூசிய வானத்து ஒட்டில் இருந்தால் அது அசல் ஓவியனைப் பற்றி எதுவும் சொல்லாது. பிரஷ்யன் நீலம் என்ற இன்னொரு வண்ணத்தைக் கண்டு ‘புதுசு’ என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வெனிஸில் அதை முதலில் எடுத்தாண்டவர்களில் கானலெட்டோ ஒருவர். கேன்வாஸின் பின்புற முத்திரையும் இதே கதைதான். பழைய ஓவியங்களில் பலவற்றுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டி வலுவூட்டியிருப்பார்கள். ஓவியப் பொருட்கள் விற்கும் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் முத்திரை இருந்தால் அந்தத் துணி 1832க்குப் பிந்தையது. ஓவியம் இருப்பது அதே துணியிலா, முன்னால் இருக்கும் வேறு துணியிலா என்று முதலில் கேளுங்கள். விரிசல்கள் வயதைக் காட்டலாம், ஆளைக் காட்டாது. 1850ல் செய்த நகலும் இதற்குள் நன்றாக வெடித்திருக்கும்.

ஏலப் பட்டியலின் சொற்களை அவசரமாகப் படித்துப் பணத்தை விட்டவர்கள் உண்டு. ஓவியரின் பெயர் தனியாக நின்றால்தான் அது அவர் கை என்று அந்த நிறுவனம் கருதுகிறது. ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் அநேகமாக அவர். ‘பட்டறை’ என்றால் அவர் கூடத்தில் பிறர் கை. ‘வட்டம்’ என்றால் அதே காலத்து, அவர் தாக்கம் பெற்ற யாரோ. ‘பாணியில்’ என்பது பிற்காலத்தது, ‘பார்த்து வரைந்தது’ எந்தக் காலத்து நகலும் ஆகலாம். ‘கையெழுத்திட்டது’ என்றால் அவரே இட்டது, ‘கையெழுத்தைக் கொண்டுள்ளது’ என்றால் பிறர் எழுதியிருக்கலாம்; இரண்டுக்கும் நடுவே விலையில் பல லட்சம் இருக்கிறது.

அப்புறம், வீட்டில் வெங்காயம், சோப்புத் தண்ணீர் என்று எதையும் வைத்துத் துடைக்காதீர்கள்; மேல்பூச்சு கரைந்தால் நிபுணர் பார்க்க வேண்டிய கை முதலில் போய்விடும். பின்புறத்தையும் தொடாதீர்கள். மரச்சட்டத்தில் கறுப்பு மையில் அச்சுக்குத்திய எண்களும், கிழிந்த சீட்டும், அரக்கு முத்திரையும் படம் கைமாறிய வரலாற்றின் மிச்சங்கள். கிறிஸ்டிஸ் போன்ற பழைய ஏல நிறுவனங்கள் அத்தகைய எண்ணை வைத்தே தங்கள் பதிவேட்டில் தேடிச் சொல்ல முடியும். சட்டம் போடும் கடைக்காரர் புதுத் தாள் ஒட்டி அழகாக மூடித் தருகிறேன் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முன்பக்கத்தை எடுத்த அதே கவனத்தோடு பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.