தள்ளுபடித் துணியும் டெலிவரிக் கட்டணமும்

ஆன்லைனில் துணி வாங்கும்போது நான் தள்ளுபடி சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசியில் வரும் மொத்தத்தை மட்டும்தான் பார்ப்பேன்.

ஒரு குர்தி 399 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி 79, பிளாட்ஃபார்ம் கட்டணம் 20, கேஷ் ஆன் டெலிவரிக்கு 10. ஆக 508. அதே குர்தி இன்னொரு கடையில் 479, டெலிவரி இலவசம் என்றால் அதுதான் மலிவு. யுபிஐயில் முன்கூட்டியே கட்டினால் அந்தப் பத்து ரூபாய் பெரும்பாலும் மிச்சம்.

“999க்கு மேல் டெலிவரி இலவசம்” என்றால் உஷாராக இருங்கள். 79 ரூபாயை மிச்சப்படுத்த 300 ரூபாய் லெகிங்ஸைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என யாருடனாவது சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடலாம். ஆனால் அதில் ஒன்றைத் திருப்பி அனுப்பினால், சில கடைகள் டெலிவரிக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். ரிட்டர்ன் விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள். அளவு சந்தேகம் என்றால், வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு குர்தியை விரித்து மார்புப் பகுதியின் அகலத்தை டேப்பால் அளந்து, அதை இரண்டு மடங்காக்கி, அவர்கள் தரும் அட்டவணையில் உள்ள துணியின் மார்பளவோடு ஒப்பிடுங்கள். ரிட்டர்ன் செலவு மிச்சமாவது இங்கேதான்.

அப்புறம், கேட்காமலேயே நன்கொடை, காப்பீடு என்று கூடையில் ஏதாவது ஏறியிருந்தால் நீக்கிவிடுங்கள். இப்படிச் சேர்ப்பதையும், கட்டணத்தை மறைத்துக் கடைசியில் காட்டுவதையும் மத்திய அரசின் 2023 வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடும் முன் பில் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.