ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கண்டென்சரைப் பாருங்கள்

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் ஃபேன் மெதுவாகவே சுற்றுகிறதா, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறதா? பெரும்பாலும் மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர்தான் போயிருக்கும், அவசரப்பட்டு மோட்டாருக்குப் புதிதாக காயில் கட்டக் கொடுத்துவிடாதீர்கள்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையும் இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஏணியில் ஏறுங்கள், கீழே பிடித்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும். இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் கோளாறு, அது வேறு வேலை. லேசாகச் சுற்றினால், ராடில் மோட்டாருக்கு மேலே இருக்கும் கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே தள்ளுங்கள். உள்ளே இரண்டு ஒயரோடு சின்ன டப்பி இருக்கும், அதுதான் கண்டென்சர். அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம், அதனால் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிடுங்கள். ஒயர்களை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

பழையதன் மேல் அச்சடித்திருக்கும் அளவிலேயே புதிது வாங்க வேண்டும். பல வீட்டு ஃபேன்களில் 2.5 மைக்ரோ ஃபாரட் இருக்கும். வேகம் கூடும் என்று பெரிதாகப் போட்டால் காயில் சூடாகிவிடும், தயவுசெய்து வேண்டாம். இதற்கு பிளஸ் மைனஸ் கிடையாது. புதியதன் ஒயர்களைப் போட்டோவில் உள்ளபடி முறுக்கி, நன்றாக டேப் சுற்றி, கப்பை இறக்கி முடுக்குங்கள். பிஎல்டிசி (எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும், கரண்ட் குறைவாக எடுக்கும்) ஃபேனுக்கு இந்த வழி பொருந்தாது.